வெற்றிலை வைத்து ஓடிப்போனவள்

ஓடிப்போகிற பிள்ளைக்கென்று கருங்கரட்டில் ஒரு முறை இருந்தது. கோழி கூவுவதற்கு முன்னால் பின்வாசல் வழியாகப் போக வேண்டும்; விடிந்ததும் தாய் தலையில் அடித்துக்கொண்டு தெருவில் உருள வேண்டும்; தகப்பன் அரிவாளைத் தேட வேண்டும், பங்காளிகள் அதை ஒளித்து வைக்க வேண்டும்; நாலு பேர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு, அங்கேயே டீ குடித்துவிட்டுத் திரும்ப வேண்டும்; அதற்கப்புறம் அந்தப் பிள்ளையின் பேரை யாரும் சொல்லக் கூடாது. எல்லாருக்கும் அவரவர் வேலை தெரியும். அதனால்தான், மிளகாய் வத்தல் காய்கிற நெடியில் ஆடுகள்கூடத் தும்மிக்கொண்டு திரிகிற ஒரு பங்குனி மாதத்தில், பலவேசத்தின் மகள் வெயிலா தலைக்குக் குளித்து, ஈரக்கூந்தலை நுனியில் முடிந்துகொண்டு, தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, குங்குமம் எடுத்துவைத்து, பட்டப்பகலில் வீடு வீடாக ஏறி இறங்கியபோது, ஊருக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை.

"சித்தி, வார வெள்ளிக்கிழமை காலையில மேலக்காட்டுச் சொரிமுத்து கூட ஓடிப்போறேன். கம்மாய்க்குள்ள வச்சுத் தாலிகட்டு. சாப்பாடும் அங்கேயேதான். குடும்பத்தோட வந்துருங்க."

"ஏட்டி, ஓடிப்போறவ சொல்லிட்டா போவா?"

"சொல்லாமப் போனா நீங்க எப்படி வருவீக?"

சித்தியின் கை தன்னால் நீண்டு வெற்றிலையை எடுத்துக்கொண்டது. வாசல் தேடி வந்த வெற்றிலையைத் தொடாமல் அனுப்பினால் வீட்டுக்கு ஆகாது என்பது அந்த ஊரில் வளர்ந்த கைக்குத் தெரியும், வாய் என்ன சொன்னாலும்.

ஊர்ப் பெரியவர் குருவையா வீட்டையும் அவள் விடவில்லை. அவர் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் மனைவி சண்முகத்தாய்தான் வாசலுக்கு வந்தாள். புருஷன் பேசும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிற பொம்பளை என்று பேரெடுத்தவள்.

"யாரு அது?" என்றார் குருவையா உள்ளேயிருந்து.

"பலவேசம் மக. ஓடிப்போறாளாம். கூப்பிட வந்திருக்கா."

"என்னைக்காம்?" என்று கேட்டுவிட்டார் பழக்கதோஷத்தில். வெள்ளிக்கிழமை என்று பதில் வந்து, மோர் ஊற்றிப் பிசைந்து ரெண்டு வாய் வைத்த பிறகுதான் அவருக்குக் கோபம் வந்தது.

ஆனால் முதல் வெற்றிலை யாருக்கு வைத்தாள் என்றால், அவள் அய்யாவுக்குத்தான். பலவேசம் மாட்டுக்கு முன்னால் உட்கார்ந்து கொச்சக்கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார். தாம்பாளத்தைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், கயிற்றைக் கீழே போடவில்லை.

"எனக்கே வெத்தலை வைக்கியா?"

"உங்களுக்குத்தான்யா மொத வெத்தலை. ராவோட ராவாப் போயிருந்தா உங்களுக்கு வசதி. தேடுற மாதிரித் தேடலாம், நாலு நாள் சாப்பிடாம இருக்கலாம், அப்புறம் மக செத்துட்டான்னு சொல்லி நிம்மதியாத் தூங்கலாம். அந்த வசதியை நான் உங்களுக்குக் குடுக்க மாட்டேன். நீங்க நிக்கணும். என் கையைப் பிடிச்சு அவன் கையில குடுக்கணும். வர மாட்டேன்னா அதையும் நீங்க பகல்லதான் செய்யணும், நான் பாத்துக்கிட்டு இருக்கும்போது."

அவர் பேசுகிற ஆள் இல்லை. மாடு காலை மிதித்தால்கூட, ஏன் மிதித்தது என்று யோசித்துவிட்டுக் காலை எடுக்கிற ஆள். வெற்றிலை மட்டும் தாம்பாளத்திலேயே கிடந்தது. முதல் வெற்றிலையையே அவர் எடுக்கவில்லை. கிடக்கட்டும் என்று அதே தாம்பாளத்தோடு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

இவ்வளவும் எதனால் என்றால், மேலக்காட்டு ஆட்கள் ஒரு காலத்தில் கருங்கரட்டின் எல்லைக்கல்லைத் தாண்டி வருவதென்றால் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் வர வேண்டும். கேஸ், கோர்ட்டு என்று ஆன பிறகு அதெல்லாம் ஒழிந்துவிட்டது என்று கருங்கரட்டுக்காரர்கள் சொல்லிக்கொண்டார்கள். மேலக்காட்டுக்காரர்கள் ஒன்றும் சொல்லவில்லை, வருவதை நிறுத்திக்கொண்டார்கள். வத்தல் மூட்டை ஏற்ற வருகிற சொரிமுத்துகூட லோடு ஆட்டோவைக் கல்லுக்கு அந்தப் பக்கமே நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருப்பான். களத்தில் வத்தல் கிண்டுகிற வெயிலாதான் முதல் நாள் போய்க் கேட்டாள், கால் ஊனமா என்று. இல்லை, உங்க கல்லுதான் ஊனம் என்றான். அன்றைக்கு ஆரம்பித்தது.

வியாழக்கிழமை ஊர் கூடியது. எல்லைக்கல்லுக்கு முன்னால்தான் கூடுவார்கள். இடுப்பு உயரத்தில் கன்னங்கரேலென்று, எண்ணெயும் மஞ்சளும் ஊறி, காக்காய் உட்கார்ந்தால் வழுக்குகிற கல். கருங்கரட்டுக்கு அதுதான் காவல், அதுதான் சாட்சி. அதன் தலையில் சூடம் ஏற்றி, கல்லைத் தொட்டு ஒரு சொல் சொல்லிவிட்டால் அந்தச் சொல்லை மாற்ற ஆள் கிடையாது.

"கல்யாணத்துக்குப் போறவனைத் தள்ளி வச்சிருவோம். தண்ணி கிடையாது, நெருப்பு கிடையாது, செத்தா தூக்க ஆள் கிடையாது. அவ்வளவுதானே?" என்றார் ஒருவர்.

குருவையாவுக்கு அந்தப் பேச்சுப் பிடிக்கவில்லை. "கல்யாணமா? அந்தக் கூத்துக்குக் கல்யாணம்னு பேர் சொல்லி, அதையும் சூடத்துக்கு முன்னால சொல்லச் சொல்றியா? நம்ம வாயாலயே அதைக் கல்யாணமா ஆக்கிருவோமா?" என்று கேட்டுவிட்டு, பாட்டன் பூட்டன் சொன்ன முறையிலேயே சொன்னார்: "நாளைக்கு விடிஞ்சதுலேர்ந்து பொழுது சாயுற வரைக்கும், இந்தக் கல்லைத் தாண்டுற எவனும் எவளும் இந்த ஊரு ஆளு இல்லை."

எல்லாரும் கல்லைத் தொட்டார்கள். சூடம் அணைந்தது. கல் கேட்டுக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில், பால் கறவை முடிந்து, வாசல் தெளித்த தண்ணீரும் காய்ந்து, வெயில் முற்றத்தில் சுருக்கென்று ஏறுகிற நேரத்தில் வெயிலா கிளம்பினாள். அரக்குச் சேலை, கழுத்தில் ஒன்றும் இல்லை. கூட வந்தது ராக்கு ஒருத்திதான். களத்தில் அவளோடு வத்தல் கிண்டுகிற சோட்டுக்காரி. அவளும் கல் வரைக்கும்தான் வருவேன், புருஷன் அடிப்பான் என்று சொல்லிவிட்டாள். கல்லுக்கு இந்தப் பக்கம் ஊரே கூடி நின்றது. எல்லாரும் குளித்திருந்தார்கள். பெட்டியிலிருந்து எடுத்த சேலையின் மடிப்பு வாசனை அடித்தது. போக முடியாத கல்யாணத்துக்கு எதற்கு இப்படிக் கிளம்பி நிற்கிறார்கள் என்று அவர்களுக்கே தெரியவில்லை. அம்மா சீனியம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். அய்யா கூட்டத்துக்குப் பின்னால், கையைக் கட்டிக்கொண்டு, வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வெயிலா யாரிடமும் கெஞ்சவில்லை. "வாரேன்" என்று மட்டும் சொல்லி, கல்லுக்கு ஓரமாகக் காலை எடுத்து வைத்தாள்.

வைத்த கால் கல்லுக்கு இந்தப் பக்கமே இருந்தது.

கல் கிளம்பிவிட்டது. நெல் மூட்டையை ஒற்றை ஆள் நகர்த்தினால் இந்த மூலை ஒரு தரம் அந்த மூலை ஒரு தரம் அசைந்து போகுமே, அப்படி, அவசரமில்லாமல், அடிமண் உதிர, வேரோடு ஒட்டியிருந்த அருகம்புல்லையும் இழுத்துக்கொண்டு, அவளுக்கு ரெண்டு எட்டு முன்னால் போனது. அவள் நின்றால் நின்றது. நடந்தால் நடந்தது. கல் இத்தனை காலம் நின்ற இடத்தில் ஒரு குழியும், குழியில் ஒரு தேரையும், காலங்காலமாக எவனோ வேண்டிக்கொண்டு போட்ட வளையல் துண்டுகளும் மிச்சம் இருந்தன.

"கல்லு புறப்பட்டுருச்சு" என்றான் ஒருவன், பஸ் புறப்பட்டுவிட்டது என்று சொல்கிற மாதிரி.

பூசாரிதான் முதலில் நகர்ந்தார். எண்ணெய்ப் பாட்டில் கையில் இருந்தது. "உச்சிக்குள்ள எண்ணெய் ஊத்தியாகணும். அது எங்க நிக்கோ அங்க போய்த்தான ஊத்தணும்" என்று முணுமுணுத்துக்கொண்டே பின்னால் போனார். அவர் போவதைப் பார்த்ததும் ராக்கு கைவிரலை நீட்டி வழியை அளந்தாள்: கல் அங்கே, நாம் இங்கே, நடுவில் இருப்பதெல்லாம் ஊர். "ஏ, நாம தாண்டலை பாத்துக்கோங்க. ஊருக்குள்ளதான் நடக்கோம்" என்று சொல்லிவிட்டு, பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். அவ்வளவுதான். கல்லுக்குச் சேவல் நேர்ந்திருந்தவள் சேவலோடு வந்தாள், மூட்டுவலிக்காரர் குடையை ஊன்றிக்கொண்டு வந்தார், ஆடு மேய்க்கிறவர்கள் ஆடுகளைப் பத்திக்கொண்டு வந்தார்கள், கல் போகிற பக்கம் புல் நன்றாக இருக்கிறது என்று. சீனியம்மா அழுதுகொண்டே வந்தாள். "நான் வரலை, எங்க ஊருக்குள்ள நான் நடக்கேன்" என்று வழியெல்லாம் அழுகைக்கு நடுவில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

கூட்டத்துக்கு முன்னால் குருவையா நடந்தார். தடுக்க வழியில்லை. யாராவது தாண்டுகிறார்களா என்று பார்ப்பதற்காகவாவது அவர் கல்லோடு போயாக வேண்டும். "ஒருத்தரும் கல்லுக்கு முன்னால போகக் கூடாது" என்று அவர் சொல்லச் சொல்ல, ஒருத்தரும் போகாமல் அழகாக வரிசையில் வந்தார்கள். ஊர்வலத்தை அவரே நடத்திக்கொண்டு போகிற மாதிரி இருந்தது அது.

தார் ரோட்டைக் கல் கடந்தபோது பஸ் நின்றது. கண்டக்டர் தலையை நீட்டிப் பார்த்து, உள்ளே திரும்பி, "கருங்கரடு இறங்கு" என்றார். கருங்கரட்டுக்கு டிக்கெட் வாங்கியிருந்த ஒரு மருமகப்பிள்ளை, பலகாரப் பையோடு இறங்கி, மாமியார் வீடு எங்கே என்று கேட்காமல் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் அசலூர்க்காரன் ஒருவனின் வெங்காயக் காடு. அவன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றான்.

"பெரியவரே, உங்க ஊரு என் காட்டுக்குள்ள வந்து நிக்குது."

"நான் கூட்டிட்டு வரலை" என்றார் குருவையா.

"அப்ப இப்ப நான் எந்த ஊரு?"

யாரும் யோசித்திராத கேள்வி அது. வெயிலாதான் பதில் சொன்னாள். "இன்னைக்கு நீங்களும் கருங்கரடுதான் அண்ணாச்சி. நான் ஓடிப்போய்க்கிட்டு இருக்கேன், வாங்க." இடுப்பில் செருகியிருந்த வெற்றிலையில் ஒன்றை எடுத்து நீட்டினாள். அவன் மண்வெட்டியைக் கழுவி, அதே தண்ணீரில் முகத்தையும் கழுவிக்கொண்டு வந்துவிட்டான்.

இப்படிப் போகப் போக வெயிலாவுக்கு நெஞ்சு நிறைந்தது. ஊரே பின்னால் வருகிறது. தும்மல், இருமல், பிள்ளையழுகை, ஆட்டு மணி எல்லாம் வருகிறது. ஒவ்வொரு தரம் திரும்பும்போதும் தலைகளை எண்ணாமல் ஒரே ஒரு தலையைத் தேடினாள்.

"அய்யா எங்கட்டி?"

"அங்கேயே நிக்காரு" என்றாள் ராக்கு. "குழியைப் பாத்துக்கிட்டு."

கம்மாய் வந்தது. தண்ணீர் வற்றி, மண் பாளம் பாளமாக வெடித்து, கருவேல மரங்கள் ஒவ்வொன்றுக்கும் அடியில் சல்லடை மாதிரி கொஞ்சம் நிழல். அந்தப் பக்கம் மேலக்காட்டு ஆட்கள் நின்றார்கள். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, பூசணிக்காய் வெந்த வாசனை வந்தது. சொரிமுத்து வெள்ளை வேட்டியில், மாப்பிள்ளை நிற்கத் தெரியாமல், லோடு ஆட்டோவுக்குக் காவல் நிற்கிறவன் மாதிரி நின்றான். அவன் அம்மா வெள்ளத்தாய் புதுச் செருப்புப் போட்டிருந்தாள்.

கம்மாய்க்கு நடுவில் வந்ததும் கல் நின்றுவிட்டது.

வெயிலா ஒரு எட்டு வைத்துப் பார்த்தாள். அசையவில்லை. கூட்டம் கல்லுக்குப் பின்னால் அப்படியே தேங்கியது, மடையில் தண்ணீர் தேங்குகிற மாதிரி. கல்லுக்கு அந்தப் பக்கம் பத்தடி தூரத்தில் அவள் மாமியார் ஆகப்போகிறவள், இந்தப் பக்கம் அவளைப் பெற்றவள். நடுவில் வெயில்.

"நான் வாரேன் அந்தப் பக்கம்" என்றான் சொரிமுத்து.

"நீ வருவ. அத்தை வருவாகளா?" என்றாள் வெயிலா.

வெள்ளத்தாய் கல்லைப் பார்த்தாள். சின்ன வயதில் அதைத் தாண்டும்போது அவள் அம்மா கையில் என்ன இருந்தது என்பது அவளுக்கு ஞாபகம் இருந்தது. "அந்தக் கல்லுக்கு உள்ள நான் வர மாட்டேன் தாயி. கால்ல செருப்போட கூப்பிட்டாலும் வர மாட்டேன். நீ வா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள்.

வெயிலா தன் ஊரைத் திரும்பிப் பார்த்தாள். "அப்ப நாமதான் போகணும். வாங்க."

ஒருத்தரும் அசையவில்லை. பூசாரி எண்ணெய் ஊற்றுவதில் மும்முரமாக இருந்தார். சித்தி சொன்னாள், "நீ போம்மா, இங்கேருந்தே பாத்துக்கிடுதோம். நல்லாத் தெரியுது." இன்னொருத்தி சொன்னாள், "அட்சதையை இங்கேருந்தே எறிஞ்சா விழும், காத்து அந்தப் பக்கம்தான் அடிக்குது."

"பாக்குறதுக்கா கூப்பிட்டேன்? கல்லு நடந்தா நடப்பீக, கல்லு நின்னா நிப்பீக. அப்ப நீங்க எனக்கு வந்தீகளா, கல்லுக்கு வந்தீகளா?" என்று கேட்டாள் வெயிலா. சத்தம் போடவில்லை, ஆனால் கம்மாய் வெறுமையாக இருந்ததால் எல்லார் காதிலும் விழுந்தது. கேட்டவர்கள் ஆட்டைப் பார்த்தார்கள், ஆகாயத்தைப் பார்த்தார்கள். சீனியம்மா மகளைப் பார்த்துக் கையை நீட்டினாள், கால் வரவில்லை.

வெயிலா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எல்லார் கண்ணுக்கும் முன்னால், கல்லைச் சுற்றி அல்ல, அதன் மேலேயே கால் வைத்து ஏறி, அந்தப் பக்கம் குதித்தாள். எண்ணெய்க் கல் வழுக்கவில்லை.

"தாண்டிட்டா" என்றார் குருவையா. "அவ ஊரு ஆளு இல்லை."

மேளக்காரன் வாசிக்கட்டுமா என்று கண்ணால் கேட்டான். வெயிலா பொறு என்று கையைக் காட்டினாள். கண் வந்த வழியிலேயே இருந்தது. சொரிமுத்து அவள் பக்கத்தில் வந்து நின்றான். வெயில் ஏறியது, கூட்டத்தில் பிள்ளைகள் தண்ணீர் கேட்டன, அடுப்பில் சாம்பார் கொதித்துக் கொதித்துச் சுண்டியது. அப்போதுதான் வெங்காயக் காட்டு வரப்பில் ஒரு ஆள் தெரிந்தார். தலையில் துண்டு, கையில் ஒன்றும் இல்லை. ஓடவும் இல்லை, மெதுவாகவும் வரவில்லை. வேலைக்குப் போகிற நடையில் வந்தார். கூட்டம் தானாக விலகி வழிவிட்டது. பலவேசம் கல்லுக்கு முன்னால் வந்து நின்று, அது அசைகிறதா என்று ஒரு தரம் நன்றாகப் பார்த்தார்.

"இப்ப வந்து என்னய்யா?" என்றார் குருவையா. "ஊரோட வந்திருந்தா கல்லுக்குப் பின்னாலயே நோகாம வந்திருக்கலாம்ல?"

"அதுக்குத்தான் வரலை அண்ணே" என்றார் பலவேசம். "கல்லு கூட்டிட்டுப் போச்சு, அதனால போனேன்னு நாளைக்கு நான் சொல்லக் கூடாது. இன்னொருத்தனும் எனக்காகச் சொல்லக் கூடாது. அதான் அது எங்கயாவது நிக்கட்டும்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

"பலவேசம், தாண்டினா தாண்டினதுதான்."

"ஆமா. நல்லாப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு, வரப்பைத் தாண்டுகிற மாதிரிக் காலை எட்டிப் போட்டு அந்தப் பக்கம் போனார். போனவர் மகளிடம் போகவில்லை. நேரே வெள்ளத்தாய்க்கு முன்னால் போய், தலையில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். "மதினி, எங்க கல்லு செஞ்சதுக்கு நான் என்ன சொன்னாலும் காணாது. பிள்ளையைக் குடுக்க வந்திருக்கேன். வாங்கிக்கங்க" என்றார். அதற்கப்புறம்தான் மகளின் கையைப் பிடித்தார். கயிறு முறுக்கிக் காய்த்த கை அது. அந்தக் கையால் மகளின் கையைச் சொரிமுத்துவின் கையில் வைத்தார்.

சீனியம்மா எப்போது தாண்டினாள் என்று யாரும் பார்க்கவில்லை. பார்த்தபோது அந்தப் பக்கம் நின்று மகளின் சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள். ராக்கு, "அடிச்சா அடிக்கட்டும்" என்று பிள்ளையோடு தாண்டினாள்; புருஷன்காரன் அவளை அடிப்பதற்காகவே தாண்டி, தாண்டியபின் எதற்கு வந்தோம் என்பதை மறந்து மேளத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டான். சித்தி தாண்டினாள். மருமகப்பிள்ளை பலகாரப் பையோடு தாண்டினார். ஆடுகள் தாண்டின. மூட்டுவலிக்காரரை ரெண்டு பேர் தூக்கித் தாண்ட வைத்தார்கள். எண்ணெய்ப் பாட்டில் காலியாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டு பூசாரியும் போனார். குருவையா ஒவ்வொருவர் பேராகச் சொல்லி, "நீ ஊரு ஆளு இல்லை, நீயும் ஊரு ஆளு இல்லை" என்று சொல்லிக்கொண்டே வந்தார்; சொல்லச் சொல்ல அவர் குரலுக்கு எதிரொலி கூடியது, நடுவில் தடுக்க ஆள் குறைந்ததால்.

மேளம் கொட்டியது. சொரிமுத்து தாலி கட்டினான். காற்று எந்தப் பக்கம் அடித்தால் என்ன, அட்சதை முழுக்கப் பக்கத்திலிருந்தே விழுந்தது. இலை போட்டார்கள். கருங்கரட்டு ஆட்களும் மேலக்காட்டு ஆட்களும் வெடித்த மண்ணில் சம்மணம் போட்டு, யார் பக்கத்தில் யார் என்று பார்க்க நேரமில்லாமல், நல்ல பசியோடு உட்கார்ந்தார்கள்.

கல்லுக்கு ஊர்ப் பக்கத்தில் ரெண்டே பேர் மிச்சம். குருவையா கல்லில் சாய்ந்து நின்றார், பக்கத்தில் சண்முகத்தாய். அவள் ரொம்ப நேரமாகச் சுவர் இல்லாத இடத்தில் எதைப் பார்ப்பது என்று தெரியாமல் பந்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள்.

"எங்க போற?" என்றார் குருவையா.

"நீங்க இருங்க, ஊரைப் பாத்துக்கங்க" என்றாள் சண்முகத்தாய், காலை எட்டி அந்தப் பக்கம் வைத்தபடி. "நான் போய்ச் சாப்பிடுதேன்."